மூன்றாம் அடியின் நிறுத்தம்

கார்த்திகைப் பெருவிளக்கு நாளின் மாலை. திருவண்ணாமலையின் கோபுர வாயில்களில் நிரம்பி, தெருக்களில் வழிந்து, மலையைச் சுற்றும் நெடும்பாதையில் வெறுங்காலோடு இறங்கிய மக்கள் வெள்ளம், வண்டிகள் யாவும் விலக்கப்பட்ட அப்பாதையை முழுவதும் தனதாக்கிக்கொண்டு, மலையின் மேற்குப் புறத்துச் சிற்றூராகிய அடி அண்ணாமலையை அடைந்து, கோயிலின் முன்னே சற்றுக் காலாற நின்றது. ஆறு மணிக்கு உச்சியில் தோன்றப்போகும் சுடரை எதிர்நோக்கி எல்லாக் கண்களும் மேலே நிலைத்திருந்தன. அங்கே மரப்பலகை மேடையின்மீது மஞ்சட் சேலை உடுத்திய பதினொரு பெண்கள் பாடுவதற்கு அணியமாய் நின்றனர். அவர்களுள் முன்னே நின்ற பாஞ்சாலையின் கண்கள் மட்டும் உச்சியை நோக்காமல், பின்னே நிற்பவர்களை ஓரப்பார்வையால் அளந்துகொண்டிருந்தன.

இத்தகைய நன்னாளில் ஒருத்தியின் நெஞ்சு இவ்வாறு இருண்டது ஏன் என்று வினவுவீர்கள், சொல்கிறேன். கடலைக் கொல்லையில் பாடுபட்டு உரமேறிய உடலும், கொல்லைக்கு அப்பால் நிற்பவரையும் திரும்பிப் பார்க்கவைக்கும் குரலும் உடைய பாஞ்சாலை, பதினான்கு ஆண்டுகளாக அக்குழுவின் முற்பாட்டுக்காரி. ஓரடியை அவள் தனியே பாட, மற்றவர்கள் அதனை அவ்வாறே திருப்பிப் பாடுவது வழக்கம். அவர்கள் தாமே கட்டிய மலைப்பாட்டின் மூன்றாம் அடி, ‘மேகம் உடுத்து நின்ற மலையே, எங்கள் வாசலை எட்டிப் பாராய்’ என்பது. மேலேறி நீண்டு செல்லும் அவ்வடியை ஒரே மூச்சில் பாடி முடிப்பதே அக்குழுவின் பெருமை.

ஐப்பசி மழையில் மார்புச்சளி கண்டு இரண்டு வாரம் படுத்தெழுந்த பாஞ்சாலைக்கு உடம்பு தேறியது; மூச்சு தேறவில்லை. அடுத்து வந்த பயிற்சியில் ‘நின்ற’ என்னும் சொல்லோடு மூச்சு அறுந்துபோக, அவள் பொய்யாக இருமி அதனை மறைத்தாள். பின்னிருந்தவர்களோ வழக்கம்போல் ஒரே மூச்சில் பாடி முடித்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அந்தப் பார்வைதான் அவள் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. தன்னை விலக்கிவிட்டு, குழுவில் சேர்ந்து ஈராண்டே ஆன மருத்துவமனைச் செவிலி மதிவதனியை முன்னே நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள். ஐயம் ஒருமுறை நுழைந்துவிட்டால், சான்று தேடி அது நெடுந்தொலைவு நடப்பதில்லை. பயிற்சியே இல்லாத செவ்வாய்க்கிழமையில், மதிவதனியின் வீட்டு வாயிலில் பத்து இணைச் செருப்புகளை அவள் கண்டாள். உள்ளிருந்து வந்தது அவர்களுடைய பாட்டேதான். ஆனால், மூன்றாம் அடி பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடியும் நின்றது. மெட்டையே மாற்றித் தன்னை மேடையில் தடுமாறவைக்கச் சூழ்ச்சி செய்கிறார்கள் என்று எண்ணி வீடு திரும்பினாள்.

மறுநாள் பால் வாங்கும் இடத்தில் மதிவதனியை மறித்துக் கேட்டாள்.

“நேத்து சாயங்காலம் எங்கடி இருந்த?”

“டூட்டிக்குப் போயிருந்தேங்க்கா.”

“ராத்திரி டூட்டியா, பகல் டூட்டியா?”

மதிவதனி பால் தூக்கின் மூடியை இறுக்கிக்கொண்டு விரைந்து நகர்ந்தாள். பொய் சொல்லத் தெரியாதவளின் பொய்யே பாஞ்சாலைக்கு முழுச் சான்றாயிற்று. தன் கூட்டாளி சரோஜாவிடம் சென்று, “எம்மூச்சு போவறதுக்குள்ள என் எடத்தப் புடிக்கப் பாக்கறாளுங்க. அவ மட்டும் முந்திக்கினு பாடட்டும், மேடைய விட்டு எறங்கிடுவேன். அப்புறம் பாட்டுன்னு வாயத் தொறக்கவே மாட்டேன்” என்றாள். பத்து இணைச் செருப்பில் ஓரிணைக்கு உரியவளான சரோஜா, “போக்கா, நீ ஒண்ணு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த உறுதியோடுதான் அவள் பெருவிளக்கு நாளில் மேடையேறியிருந்தாள். உச்சியில் சுடர் எழுந்தது. ‘அரோகரா’ என்னும் முழக்கம் பாதை முழுவதும் பரவி அடங்கியது. முதல் இரண்டு அடிகள் இனிதே சென்றன. மூன்றாம் அடியில் குரலை மேலேற்றி, ‘மேகம் உடுத்து நின்ற’ என்றதும், அஞ்சியவாறே மூச்சு அறுந்தது. ஊரார் பார்க்கின்றனர், பின்னே மதிவதனி மூச்சை உள்ளிழுக்கும் ஒலி கேட்கிறது. இதோ பறிக்கப்போகிறாள் என்று பாஞ்சாலை ஒரு காலை மேடையின் ஓரத்திற்கு நகர்த்தினாள். எவரும் முந்தவில்லை. அவள் மெல்ல மூச்சைத் திரட்டி, ‘மலையே’ என்று தொடர்ந்து அடியை முடித்தாள்.

பின்பாட்டு எழுந்தது. ‘மேகம் உடுத்து நின்ற’ என்று பாடிய பத்துக் குரல்களும் அவள் நின்ற அதே இடத்தில் நின்றன. அவள் எடுத்த அளவே மூச்செடுத்தன. பின்னர் ‘மலையே’ என்று ஒன்றாய் எழுந்தன. பாட்டின் அழகே அந்த நிறுத்தம் என்று கருதிய கூட்டம் வியந்து தலையசைத்தது. பாஞ்சாலைக்கோ செவ்வாய்க்கிழமையின் சுவர் வழியே கேட்ட பாட்டு நினைவிற்கு வந்தது. பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடியும் நின்ற அந்தப் பாட்டு. அவளுக்குக் கண் நிறைந்தது. அடியை மறுமுறை பாடுகையில் அவள் எதையும் மறைக்கவில்லை. அறுந்த இடத்தில் தலை நிமிர்ந்து நின்று, நன்றாக மூச்செடுத்துப் பாடினாள். பதினான்கு ஆண்டுகளில் அத்துணை மகிழ்ச்சியாக அவள் பாடியதே இல்லை.

மேடையிலிருந்து இறங்கியதும் மதிவதனியின் கையைப் பற்றிக்கொண்டு, “எத்தினி நாளுடி?” என்று மட்டும் கேட்டாள்.

“மூணு செவ்வாக்கெழமைக்கா. சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னுதான்...”

சரோஜா இடைமறித்து, “ஒரே மூச்சுல இழுத்தே பழகிப்போச்சா, நிக்கறதுக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்திச்சு” என்று சிரித்தாள்.

ஐயத்தோடு கேட்டால் அன்பின் ஓசையும் சூழ்ச்சியாகவே ஒலிக்கும். அதை அறிவதற்குள் எத்தனையோ பேர் மேடையை விட்டு இறங்கிவிடுகின்றனர். பாஞ்சாலையின் கால் ஓரத்தோடு நின்றது நற்பேறே. அடி அண்ணாமலையின் சிறுமியர் இன்று அப்பாட்டைப் பாடும்போது, நெடிய மூச்சு உடையவர்களாயிருந்தும், ‘நின்ற’ என்னும் சொல்லில் நின்று, மூச்செடுத்து, அதன் பிறகே மலையை அழைக்கின்றனர்.