ஊன்

பத்மநாபனின் நெஞ்சு தாறுமாறாக அடிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது அறுபத்தெட்டு. சென்னையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, புனே சாங்வியில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தவர். டாக்டர் அமியோடரோன் எழுதிக் கொடுத்தார். இதயத்துக்குள் ஓடும் மின்துடிப்பை நிதானப்படுத்தித் தாளத்துக்குக் கொண்டுவரும் மாத்திரை அது. ஆனால் தோலுக்குள்ளும் போய்த் தங்கிவிடும். வெயில் பட்டால் நீலம் பாரித்துக் கறுக்கும்.

அதனால்தான் மருந்துக்கடைக்காரர் வேண்டாமென்று கையை ஆட்டி, "காகா, ஊன் டாளா," என்றார். மராத்தியில் ஊன் என்றால் வெயில். அதைத் தவிருங்கள் என்றார். பத்மநாபனுக்கு மராத்தி தெரியாது. தமிழ் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

"மாமிசத்தை நம்மாத்துல யாரு தொடறா? பாத்தியா பார்கவி, இவா வாயிலயும் தமிழ்தான் வரது," என்று கூட வந்த மருமகளிடம் பெருமைப்பட்டார்.

புனேவிலேயே பிறந்து வளர்ந்த பார்கவி திருத்த வாயெடுத்தாள். அப்போது மகளின் ஞாபகம் வந்தது. கிருஷ்ணப்ரியா பிறந்த அன்று, "அம்மா கலர் அப்படியே ஒட்டிண்டுடுத்து," என்று உதட்டைப் பிதுக்கியவர் இந்த எலுமிச்சை நிறத்து மனிதர். குழந்தை மொட்டைமாடிக்கு ஓடினால், வெயிலில் போகாதே, இன்னும் கறுத்துடுவே என்று இழுத்து உட்கார வைப்பார். போன வாரம் அந்த ஐந்து வயதுப் பெண் முழங்கைவரை பவுடரை அப்பிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். பார்கவி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மாத்திரையை ஒரு வேளைகூட அவள் தவறவிடவில்லை. அவள் பகை அவர் நெஞ்சோடு இல்லை, நாக்கோடு. தினமும் பத்து மணிக்கு அவர் மாடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்க, காபியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு கோடை போயிற்று. நெற்றியும் மூக்கும் சாம்பல் நீலமாயின. ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவர் கண்ணாடியைத் துண்டால் மூடினார்.

வெயிலில் உட்காரக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையா என்று டாக்டர் கேட்டார். மருந்தை மாற்றினாலும் நிறம் இறங்க வருஷக்கணக்காகலாம் என்றார்.

வீடு திரும்பியதும் பத்மநாபன் மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்குக் கடைக்காரன் சொன்ன ஊன்..."

"வெயில்ப்பா."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவர் பழக்க தோஷத்தில் மாடிக் கதவுப் பக்கம் நடந்தார். பார்கவி குறுக்கே வந்து நின்றாள்.

"வெயில்ல போகாதீங்கோப்பா. இன்னும் கறுத்துடுவேள்."

சொல்லிவிட்டு மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். கிருஷ்ணப்ரியா ஒருமுறை தாத்தாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் செருப்புகூடப் போடாமல் வெயிலுக்குள் ஓடினாள்.