நூறு பங்கு இருந்தால் பேசலாம்

வெள்ளிக்கிழமை பங்குச் சந்தை மூடுவதற்குச் சற்று முன்பு ஷென் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. கைப்பேசியில் பங்கு வாங்கும் செயலியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, ‘வாங்கு’ என்ற சிவப்புப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு கம்பெனி, நூறே நூறு பங்கு. ஷாங்காயில் அதற்குக் குறைவாக வாங்க முடியாது, அவருக்கும் அதற்கு மேல் தேவையில்லை. வெளியே மனைவி யூச்சின் சோயா விதைகளை ஊறப்போட்டுக்கொண்டே கதவைத் தட்டினாள்.

“உள்ள என்ன, குடித்தனமா நடத்துற?”

“வந்துட்டேன், வந்துட்டேன்.”

சந்தை மூடிவிட்டது. அவர் வாங்கவில்லை. எழுபதை நெருங்கும் மனிதர், சொந்தப் பணம், சொந்தக் கழிவறை, ஆனாலும் விரல் அழுத்தவில்லை. கட்டிய மனைவிக்குக் கொடுத்த வாக்கு அப்படி.

பெரிய சரிவு வந்த வருஷம் கொடுத்த வாக்கு அது. மகள் வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்ததில் பாதியைச் சந்தை விழுங்கிவிட்டது. மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் வீட்டின் பின்னறைக்குக் குடிபோனாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அன்று இரவுச் சாப்பாட்டில் புருஷனும் பெண்டாட்டியும் இனி பங்கே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அவர் தன் கணக்கைக் காலி செய்தார், தன்னுடையதையும் எல்லாம் விற்றுவிட்டதாக அவள் சொன்னாள். சனிக்கிழமைகளில் நடைபாதைக்குப் போய்ப் பேச மட்டும் யூச்சின் அனுமதித்தாள். “வாயை வச்சுக்கோ, கையை வைக்காதே” என்றாள்.

அந்த நடைபாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை, சந்தைக்கு விடுமுறை, மனிதர்களுக்குத்தான் விடுமுறை கிடையாது. பழைய பங்குத் தரகுக் கடை இருந்த முனையில், பிளேன் என்ற அகன்ற இலை நிழல் மரங்களுக்குக் கீழே வட்டம் வட்டமாக நின்று கத்துவார்கள். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளிகள், கணக்கு வாத்தியார்கள், மீன் வியாபாரிகள். ஷென்னின் வட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் லூ. முன்னாள் பஸ் ஓட்டுநர், ஹாரன் தேவைப்படாத குரல். வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான்: பேசுகிறவனிடம் பங்கு இருக்க வேண்டும். நூறு பங்காவது இருக்க வேண்டும். இல்லாதவன் கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது. சூடு படாதவன் சூட்டைப் பற்றி என்ன பேசுவது என்பது லூவின் வாதம். “என்ன வச்சிருக்கே?” என்று கேட்பார்கள். வாயால் சொன்னால் போதும். ஷென் இத்தனை வருஷமும் வாயால் சொல்லி வந்தார். இரும்பு வைத்திருக்கிறேன், மருந்து வைத்திருக்கிறேன் என்று வாய் கூசாமல் சொன்னார். அந்த ஒரு காலைக்காகத்தான் அவர் வாரம் முழுவதும் உயிரோடிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

போன வாரம் லூ ஒரு குண்டைப் போட்டார். வெளியாட்கள் சிலர் வந்து பொய் சொல்லி, உப்புச்சப்பில்லாத பங்குகளைத் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்களாம். “அடுத்த சனிக்கிழமைல இருந்து பேசுறவன் போனைத் திறந்து காட்டணும். நான் உட்பட.”

சனிக்கிழமை வந்தது. அந்த முனைக் கடையில் தழைச்சாறு சேர்த்த பச்சை நிறக் கொழுக்கட்டை வாங்க வேண்டும் என்று யூச்சினும் கூடவே கிளம்பினாள். சந்தை நடக்கும் நாட்களில் பச்சை நிறத்தில் எதையும் சாப்பிடாத காலம் ஒன்று அவர்களுக்கு இருந்தது. பச்சை என்றால் விலை இறக்கம், சிவப்பு என்றால் ஏற்றம். கீரையைக்கூட ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வைத்தார்கள். பஸ்ஸில் ஷென் அதை நினைத்துக்கொண்டார்.

நெசவாலையில் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். அது முடிந்ததும் தரகுக் கடைக் கூடத்துக்கு ஓடுவார்கள். பெரிய பலகையில் எண்கள் மாறும், அவர் படித்துச் சொல்வார். யூச்சின் குள்ளம். ஆர்டர் சீட்டை வாயில் கவ்விக்கொண்டு ஆட்களின் முழங்கைகளுக்கு அடியில் புகுந்து ஜன்னலுக்கு முதலில் போய்விடுவாள். அவர் கம்பெனி அறிக்கைகளைக் கரைத்துக் குடிப்பார். அவள் கூடத்தில் மற்றவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பாள். எல்லோரும் பன்றி வறுவலும் சோறும் வாங்கினால், “வித்துடலாம்” என்பாள். வெறும் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தால், “இப்ப வாங்கு” என்பாள். சைக்கிளில் வீடு திரும்பும் வழியெல்லாம் சண்டை. ஒருநாள் அந்தச் சண்டை மும்முரத்தில் வீட்டைத் தாண்டி ஆற்றங்கரை வரை போய்விட்டார்கள். ஜெயித்ததைவிட அந்தச் சண்டைதான் அவருக்கு இனித்தது. தான் நினைத்தது சரியா, அவள் நினைத்தது சரியா என்று மறுநாள் காலை பலகை சொல்லும்வரை தூக்கம் வராது. அந்த நாட்கள் போயே போய்விட்டன.

யூச்சின் கொழுக்கட்டை வரிசையில் நின்றுகொண்டாள். ஷென் வட்டத்துக்குள் போனார்.

“ஷென் வந்தாச்சு! இரும்பு என்னப்பா ஆகும்?” என்றார் லூ. “முதல்ல போனைக் காட்டிடு, சட்டம் சட்டம்தான்.”

போனை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அந்தப் பொய்யைப் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் எல்லோர் முகமும் அவரையே பார்த்தபோது அது வரவில்லை.

“எங்கிட்ட ஒண்ணுமில்ல லூ. சரிவு வந்த வருஷமே எல்லாத்தையும் வித்துட்டேன்.”

லூவின் முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப இத்தனை நாளா நீ பேசினது?”

“சும்மாதான் பேசினேன். பேசாம இருக்க முடியல.”

“நீ வச்சிருக்கேன்னு நம்பித்தான்யா நான் மருந்தை விக்காம பிடிச்சிட்டிருந்தேன்” என்றார் லூ. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் ஷென்னைக் கொன்றது. வட்டம் மெல்ல நெருங்கி மூடிக்கொண்டது. அவர் வெளியே இருந்தார்.

அப்போதுதான் முழங்கைகளுக்கு அடியில் ஒரு நரைத்த தலை புகுந்து போவதைப் பார்த்தார்.

“தள்ளுப்பா, தள்ளு. நான் பேசலாமா?”

“அண்ணி, இங்க பங்கு இருக்கறவங்கதான்…” என்று லூ இழுத்தார்.

யூச்சின் கைப்பேசியைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். ‘இரட்டை மைனா’ பிளாஸ்க் கம்பெனி, நூறு பங்கு. இருவரும் சேர்ந்து வாங்கிய முதல் பங்கு அது.

“எல்லாத்தையும் வித்துட்டேன்னு சொன்னியே!” என்றார் ஷென், வெளியிலிருந்தே.

“இதை மட்டும் விக்க மனசு வரல. தினமும் நீ தூங்கினப்புறம் ஒரு தரம் பாத்துக்குவேன்.” திரும்பாமலே சொன்னாள். காதுகள் சிவந்திருந்தன.

ஷென்னுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கழிவறையில் உட்கார்ந்து வாக்கைக் காப்பாற்றியவர் அவரல்லவா! ஆனால் அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். “கடைக்குப் போய்ப் பாருங்க. மைனா பிளாஸ்க் இதுவரைக்கும் கண்ணு மட்டத்துல இருந்துச்சு, இப்ப கீழ்த்தட்டுக்கு இறக்கிட்டாங்க. நானா இருந்தா இந்த விலைக்கு வாங்க மாட்டேன்” என்றாள். “வச்சிருக்கறவங்களே இப்படிச் சொன்னா எப்படி அண்ணி?” என்று லூ மோதினார். அவள் விடவில்லை. குரல் ஏறியது. தறிகளின் இரைச்சலுக்கு மேலே கேட்ட அதே குரல், சைக்கிளின் பின்னாலிருந்து முதுகில் குத்திக்குத்திப் பேசிய குரல். அதைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது! கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

அவள் சொன்னதில் ஓர் ஓட்டை இருந்தது. கீழ்த்தட்டில் இருப்பது பழைய மாடல், ஏற்றுமதிக்குப் போவது வேறு. அறிக்கையில் படித்திருந்தார்.

“அது அப்படியில்ல யூச்சின், ஏற்றுமதிக் கணக்கைப் பாரு…”

வட்டம் முழுவதும் திரும்பியது. யூச்சினும் திரும்பினாள். அவள் முகத்தில் பழைய சண்டைக்காரி நின்றாள்.

“உன் கையிலதான் ஒண்ணுமில்லையே. திங்கட்கிழமை சந்தை திறக்கட்டும், நூறு வாங்கிக்கோ. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு நில்லு.”

கைப்பையையும் கொழுக்கட்டைப் பெட்டியையும் ஆட்களுக்கு மேலாக அவரிடம் நீட்டிவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டாள். ஷென் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே அவள் தலை தெரியவில்லை, கை மட்டும் அவ்வப்போது மேலே எழுந்து ஆடியது. பெட்டியை மார்போடு அணைத்தபடி, பிளேன் மரத்தின் வேர் மேட்டில் ஏறி, குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டு, சொல்ல வேண்டிய பதிலை உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.