மாஸ்டர் பக்கத்து பிரேக்

1

இந்தக் கதை என் தங்கையின் கிளினிக்கில் பிறந்தது. இலவசமாக ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளலாமே என்று போய், கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டை கையை இறுக்கிக்கொண்டிருக்கும்போது எந்த மனிதனும் எதற்கும் தலையாட்டிவிடுவான். அது தெரிந்துதான் அவள் அந்த நேரம் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணா, வெயிட்டிங் ரூம் சுவத்துல ஒட்ட ஒரு சின்னக் கதை எழுதிக் குடு. சர்க்கரைக்கு ரெண்டு மருந்தை ஒரே மாத்திரையில சேர்த்துக் குடுக்கிறோம்ல, அதைப் பத்தி. யாரையும் பயமுறுத்தக் கூடாது. கடைசியில, டாக்டரைக் கேட்காம மாத்திரையைக் கூட்டாதீங்க, குறைக்காதீங்கன்னு வந்துரணும்."

"அது கதை இல்லம்மா. மாத்திரை டப்பாவுல அச்சடிக்கிற வாசகம்."

"அதை யாரும் படிக்கிறதில்ல. அதான் உன்கிட்ட கேக்குறேன்."

என் கதைகளையும் யாரும் படிப்பதில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. தங்கைகளிடம் கொஞ்சம் மரியாதையைக் காப்பாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

2

முதல் தொடக்கம்: "உலகெங்கும் வேகமாகப் பெருகிவரும் நோய்களில் நீரிழிவு" (நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்குகிற எதையும் நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது: "தன் வாழ்க்கை அன்று தலைகீழாக மாறப்போகிறது என்பது தெரியாமல் அவர் பல் துலக்கிக்" (இதுவும் வேண்டாம். அது தெரிந்து பல் துலக்கியவர் எவரும் இல்லை.)

மூன்றாவது, கொஞ்சம் தேறியது:

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். வாயைத் திறந்தால் தெரு திரும்பிப் பார்க்கும். "கிளட்ச்சும்மா, கிளட்ச்சு! அது கால் வைக்கிற பலகை இல்ல!" அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஹார்ன் மாஸ்டர். பெயர் அவர் காதிலும் விழுந்திருந்தது. அதற்காகவும் ஒருமுறை கத்தினார்.

அவருடைய காரில் இரண்டு பிரேக். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் மாஸ்டர் காலடியில் ஒன்று. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தைரியமாகத் தெருவில் இறங்குவதே அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான். நாம் தூங்கினாலும் அவர் மிதித்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை.

(இவரை ஏன் தேர்ந்தெடுத்தேன்? சர்க்கரை நோயாளி என்றால் சோர்ந்துபோய், ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிற ஆளாகத்தான் கதைகளில் வருகிறார். எனக்குக் கத்துகிற நோயாளி ஒருவர் தேவைப்பட்டார்.)

3

மாஸ்டருக்கு வீட்டில் இரண்டு மாத்திரை. காலையில் சாப்பாட்டோடு இரண்டு, இரவில் சாப்பாட்டோடு இரண்டு. அவற்றை எடுத்துவைப்பது மனைவியின் பொறுப்பு. ஒரு சின்ன மூடியில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் விழுங்கும்வரை இடுப்பில் கைவைத்து நிற்பார். பூந்தொட்டியில் மண்ணைக் கிளறும்போது ஒருநாள் ஒரு மாத்திரை கிடைத்ததிலிருந்து இந்தக் காவல்.

மாத்திரை ஒழுங்காகப் போனாலும் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. காரணம் மாஸ்டருக்கும் டீக்கடைக்காரருக்கும் மட்டும் தெரியும். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே இனிப்பு டீ, கிரீம் பிஸ்கட். மனைவியிடமோ, "வெளிய பச்சத்தண்ணிகூடக் குடிக்கிறதில்ல" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். தன் தலையில்தான். அதுவரைக்கும் யோக்கியர்.

டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு ஒரு புது மாத்திரை கொடுத்தார்.

"நீங்க சாப்பிட்டுட்டு இருக்கிற ரெண்டு மருந்தும் இந்த ஒண்ணுக்குள்ளயே இருக்கு. அளவு மட்டும் கொஞ்சம் கூட்டியிருக்கேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டோட. பழசு ரெண்டையும் இன்னையோட நிறுத்திடுங்க. புரியுதா?"

"புரியுது டாக்டர்."

நிஜமாகவே புரிந்தது. (இந்த இடத்தில் தங்கை கண்டிப்பாக இருந்தாள். "நோயாளியை முட்டாளாக்காதேண்ணா. புரியாம தப்பு பண்றவங்களைவிட, வீட்டுல சண்டை வேணாம்னு தப்பு பண்றவங்கதான் ஜாஸ்தி.") பழையதை நிறுத்த வேண்டுமானால் மனைவியிடம் சொல்ல வேண்டும். மாத்திரை ஏன் மாறியது என்று கேள்வி வரும். சர்க்கரை ஏன் ஏறியது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்த கேள்வியில் டீக்கடைக்காரர் வந்துவிடுவார்.

ஆகவே புது மாத்திரை காருக்குள், முன்பெட்டியில், குடியேறியது. வீட்டில் மனைவி கொடுப்பதை விழுங்குவார். காரில் ஏறியதும் டாக்டர் கொடுத்ததை விழுங்குவார். இருவருக்கும் நல்ல பிள்ளை.

"மருந்துதானே, விஷமா? சீக்கிரம் இறங்கிட்டுப் போகட்டும்" என்று கண்ணாடியில் தெரிந்த தன் முகத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

* அடிக்குறிப்பு போல ஒன்று. தங்கை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இரண்டு மருந்துகளில் ஒன்று மெட்ஃபார்மின். மற்றது கணையத்தை உசுப்பி இன்சுலின் சுரக்க வைக்கிற ரகம். உடம்புக்குள் போன பிறகு அதற்கு இது மனைவி கொடுத்தது, இது டாக்டர் கொடுத்தது என்ற வித்தியாசம் கிடையாது. அளவு மீறினாலும், மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்தாலும், சர்க்கரை இறங்கக் கூடாத இடத்துக்கு இறங்கிவிடும். கூட்டு மாத்திரையில் ஒரு தப்பும் இல்லை. அதன் தலைமேல் பழையதையும் ஏற்றுவதுதான் தப்பு.

4

அன்று காலை வகுப்பு சீக்கிரமே இருந்தது. மாஸ்டர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மாத்திரையை மட்டும் பாக்கி வைக்கவில்லை. வீட்டில் இரண்டு, காரில் ஒன்று.

கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு நூலகர். ஓய்வுபெறும் வயதை நெருங்குகிற, மெதுவாகப் பேசுகிற பெண்மணி. (முதல் பிரதியில் அவரை நர்ஸாக வைத்திருந்தேன். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ பின் சீட்டுல ஆம்புலன்ஸ் டிரைவரையும் உக்கார வச்சிடு." நூலகராக மாற்றினேன்.)

மாஸ்டரின் சத்தத்துக்குப் பயந்தே நூலகருக்குக் கியர் எல்லாம் மறந்துபோகும். அன்று அந்தச் சத்தம் வரவில்லை. வண்டி குலுங்கிக் கிளம்பியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திருப்பத்தில் நூலகர் சிக்னல் போட மறந்தார். அதற்கும் ஒன்றும் இல்லை. மாஸ்டரின் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை வழிந்துகொண்டிருந்ததை நூலகர் பார்க்கவில்லை. அவர் கண்ணெல்லாம் சாலையில் இருந்தது. வாழ்நாள் முழுக்க "சத்தம் போடாதீங்க" என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தவர். ஒரு மனிதர் அமைதியாக இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் அவருக்கு அர்த்தம். பரவாயில்லை, நாம் தேறிவிட்டோம் என்று மனசுக்குள் பூரித்துக்கொண்டே முச்சந்தியை நெருங்கினார்.

குறுக்கே தண்ணீர் லாரி வந்தது.

மாஸ்டர் மிதிப்பார் என்று நூலகர் காத்திருந்தார். எப்போதும் அவர்தான் மிதிப்பார். லாரியின் பக்கவாட்டு எழுத்தெல்லாம் படிக்கிற தூரத்துக்கு வந்த பிறகுதான், யாரும் மிதிக்கவில்லை என்பது உறைத்தது. தன் காலடியில் இருந்ததை இரண்டு காலாலும் மிதித்தார். கார் துள்ளி நின்றது. லாரிக்காரர் எதையோ சொல்லிவிட்டுப் போனார்.

"மாஸ்டர்! என்ன மாஸ்டர்?"

மாஸ்டர் மெல்லத் திரும்பினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"டிக்கெட் எடுத்தாச்சாம்மா?" என்றார் மிகுந்த மரியாதையோடு.

அப்போதுதான் நூலகருக்கு உண்மையில் பயம் வந்தது. லாரியைப் பார்த்தபோதுகூட அவ்வளவு பயம் வரவில்லை.

5

இங்கிருந்து கதை எப்படிப் போகலாம்? நான் எழுதியதையும் தங்கை அடித்ததையும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

அ. மாஸ்டர் மயங்கிச் சாய்கிறார். நூலகர் அவர் தலையை நிமிர்த்தி, வாயில் பழச்சாற்றைப் புகட்டுகிறார். (தங்கை: "ஐயோ! நினைவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்.")

ஆ. நூலகர் முகத்தில் தண்ணீர் தெளித்து விசிறிவிடுகிறார். மாஸ்டர் கண் விழிக்கிறார். (தங்கை: "இது சினிமா. சர்க்கரை குறைஞ்சவருக்குத் தண்ணி எதுக்கு? சர்க்கரை குடு.")

இ. மாஸ்டர் இறந்துவிடுகிறார். நூலகர் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே (தங்கை: "என் வெயிட்டிங் ரூம்லயா? ஏண்ணா, கதைன்னா ஒருத்தர் சாகணும்னு சட்டமா?")

கடைசியில் மருத்துவம் அனுமதித்த ஒரே வழி இதுதான். மாஸ்டருக்கு நினைவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. பசி மயக்கம் என்று நினைத்து நூலகர் எதிரிலிருந்த கடைக்கு ஓடி இனிப்பான பழச்சாறு ஒரு குப்பி வாங்கிவந்து குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் முகத்துக்கு நிறம் வந்தது. அதற்கு மேல் ஒரு ரொட்டியும் சாப்பிட வைத்தார்.

"வாங்க மாஸ்டர், டாக்டர்கிட்ட போவோம்."

"எதுக்கும்மா? ராத்திரி சரியாத் தூங்கல. கண்ணு அசந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பொழப்பு போயிடும்."

"எனக்குப் பயமா இருக்கு மாஸ்டர்."

"பயந்தா வண்டி ஓட்ட முடியாது!" என்றார். பழைய சத்தத்தில் முக்கால்வாசி திரும்பியிருந்தது. நூலகர் நம்பிவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதியும் அடைந்தார்.

தங்கை இதைப் படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு நேரா கிளினிக்குக்கு வரணும்ணா. இந்த ரக மாத்திரையில இறங்கினா, ஒருதடவை ஏத்திவிட்டாலும் திரும்ப இறங்கும். ஆளைப் பக்கத்துல வச்சுப் பார்க்கணும்."

"வந்துட்டா கதை இல்லையே."

"கதை இல்லாமப் போனா யாருக்கு நஷ்டம்?"

எனக்குத்தான். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, இந்தக் கதை இவ்வளவு அவசரமாக எதற்கு என்று கேட்டேன். அவள் ரத்த அழுத்தப் பட்டையை எடுத்துச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"போன மாசம் ஒருத்தரை ரோட்டுல இருந்து தூக்கிட்டு வந்தாங்க. இதே கதை. பிழைச்சுட்டாரு. பழசை நிறுத்துங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், தலையாட்டினாரு. ஆனா வீட்டுல இன்னும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. வீட்டுல எடுத்து வச்சா இன்னும் முழுங்குறாரோ என்னவோ. எனக்குத் தூக்கமே வரலண்ணா."

"அவர் மறுபடி வருவாரா?"

"வருவாரு. டோக்கன் வாங்கிட்டு அந்தச் சுவத்துக்கு எதிர்லதான் உக்காருவாரு."

6

ஆகவே முடிவைக் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் முயன்றேன்.

இருட்டத் தொடங்கும் நேரம். மாஸ்டர் வீடு. தட்டு வைத்தாயிற்று. பக்கத்தில் சின்ன மூடியில் இரண்டு மாத்திரை. காரிலிருந்து எடுத்துவந்த மூன்றாவது அவர் சட்டைப் பையில். காலையில் துவண்ட உடம்பு இன்னும் முழுசாகத் தேறவில்லை. மூன்றும் உள்ளே போனால் இரவு என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலையில் பட்ட பிறகு அவருக்கும் தெரியும்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? வெயில்ல நின்னீங்களா?"

"ம்."

"சொன்னா கேட்டாத்தானே. சரி, உக்காருங்க. மாத்திரையைக் கையில எடுங்க."

இந்த இடத்தில் அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. டாக்டர் மாத்திரையை மாத்திட்டாரு. அவ்வளவுதான். நான் அதை அவர் வாயில் வைத்துப் பார்த்தேன். துப்பிவிட்டார். நாள் முழுக்கத் தெருவே அதிரக் கத்துகிற மனிதருக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குரல் எழும்பவில்லை.

(சொன்னால் என்ன ஆகும் என்றும் எழுதிப் பார்த்தேன். மனைவி திட்டுவார். தலையில் கைவைத்துச் செய்த சத்தியத்தைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். டீக்கடைக்கு நேரிலேயே போய் இரண்டில் ஒன்று பார்த்துவிட்டு வருவார். சில நாள் பேச மாட்டார். அழவும் செய்வார், மாஸ்டருக்குத் தெரியாமல். இதெல்லாம் உயிரோடு இருக்கிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கிற தண்டனை. பிறகு பழைய மாத்திரை இரண்டையும் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக் கேட்பார்: "புதுசு எங்க? அதையாவது என் கண்ணு முன்னால போடுங்க." பிறகு இரண்டு பேருமாக டாக்டரிடம் போவார்கள். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஆனால் இது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. இதை வெளியே எடுக்க என்னால் முடியவில்லை.)

மாஸ்டரின் கை மூடியை நோக்கிப் போகிறது.

எழுதுகிறவன் கடைசி வினாடியில் ஏதாவது செய்து காப்பாற்றிவிடுவான் என்று நம்பி நீங்களும் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். நூலகரும் அப்படித்தான் அந்த முச்சந்திவரை வந்தார். நான் மிதித்துப் பார்த்துவிட்டேன் ஐயா. என் பக்கத்து பிரேக் பிடிக்கவில்லை.

அவர் மாத்திரைகளைக் கையில் எடுத்துவிட்டார். மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டுகிறார். உங்கள் டோக்கனைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது, உங்கள் சட்டைப் பையில் போனும் இருக்கிறது, வீட்டில் எடுக்க ஆளும் இருக்கிறது. அந்த ஒரு வரியை மாஸ்டருக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள்.