நாலாவது டேங்கர்

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, கரட்டு மலையடியில் நாற்பது ஏக்கரில் மரம் வளர்த்து, நடைபாதை போட்டு, சுற்றிலும் வேலி அடைத்து வைத்திருக்கிறார்கள். ஞாயிறானால் ஜனங்கள் நடக்க வருவார்கள். அங்கே பெய்கிற மழை குழிகளில் இறங்கித்தான் கீழே இருக்கிற ஊர்க் கிணறுகளுக்குப் போகிறது. காவலுக்கு இருப்பவள் ஜெபராணி.

அந்த மகராசியேதான் மூன்று தடவை பின் கேட்டைத் திறந்து விட்டாள். "செடியெல்லாம் காயுதுங்களே அம்மணி, சும்மாவே தண்ணி ஊத்தறனுங்க" என்று சொல்லிக்கொண்டு டேங்கரோடு வந்த மோகன்குமாருக்கு டீ வேறு போட்டுக் கொடுத்தாள். மிச்சத்தை அவன் மழைக்குழியில் விட்டுவிட்டுப் போவான். நல்ல மனுசன் என்று நம்பினாள்.

இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, நாலாவது டேங்கரை உள்ளே விட்டு, ஆடு நுழையுமே என்று வழக்கம்போலப் பூட்டைப் போட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தாள். அவன் ஊற்றிய செடிகள் மட்டும் கருகிக் கிடந்தன. குழியோரத்து மண்ணில் பச்சை படிந்திருந்தது. முலாம் பூசுகிற பட்டறை வாசலில் பார்த்திருக்கிறாளே, அதே பச்சை. பட்டறைக் கழிவைத்தான் இத்தனை நாளும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான்.

வண்டி குழியைப் பார்த்துப் பின்னால் வந்து நின்றது. ஜெபராணி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"ஊத்தாதீங்க."

மோகன்குமார் இறங்கி வந்தான். குரல் உயரவேயில்லை. "வெளிய சொன்னீங்கன்னா, கேட்டத் தொறந்து உட்டது யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க. உங்க வேலை போயிருமுங்க. தள்ளிக்குங்க அம்மணி."

மரியாதையைப் பாருங்கள்! ஆனால் சொன்னதில் பொய் இல்லை. இந்த வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பெரியாது. அவன் குழாயைக் குழிக்குள் இறக்கி, வால்வில் கை வைத்தான்.

ஜெபராணி போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், ஜெபராணி பேசறனுங்க. மூணு தடவ வெசத்தண்ணி வண்டிக்குக் கேட்டத் தொறந்து உட்டது நாந்தானுங்க. நாலாவது வண்டி இங்க நிக்குது. கேட்டைப் பூட்டிப்போட்டனுங்க. போலீஸோட வாங்க."

"அடிப்பாவி" என்றான் மோகன்குமார். ஒரு 'ங்க'வையும் காணோம். குழாயை உருவிப் போட்டுவிட்டு, வண்டியைக் கேட்டுக்கு ஓட்டிப்போய், பூட்டைப் பார்த்து நின்றான்.

அப்போதுதான் முன்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. நடந்து முடித்தவர்கள் தண்ணீர்ப் பானையைச் சுற்றி நின்றார்கள். கீழ்க் கிணற்றுத் தண்ணீர். காலையில் அவள்தான் நிரப்பி வைத்தாள்.

விழுந்தடித்து ஓடினாள். ஒரு அம்மா டம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தாள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பானையைக் கவிழ்த்தாள்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"குடிக்காதீங்க. நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன்."

தானும் காலையில் ரெண்டு டம்ளர் குடித்ததும், வீட்டுக்கு ஒரு குடம் கொடுத்தனுப்பியதும் அதற்கப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.