வின்ஸ்லரில் சத்தம் போன வரலாறு

"வாசலை மேக்கால மாத்தோணுங்க" என்று கண்மணி தன் கணவன் மகிழனிடம் கேட்டது 2001 கோடையில். வின்ஸ்லரில் அதை மட்டும் கேட்கக் கூடாது என்று அவள் வந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அந்த ஊரில் நிற்காமல் போகிற ஒவ்வொரு ரயிலும் கிழக்கு வாசல் வழியாக வீட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் சத்தத்தை எடுத்துக்கொண்டு போகும் என்பதால், இதைக் கேட்பதற்காகவே வாரக்கணக்கில் வாய் திறக்காமல் குரலைச் சேர்த்து வைத்திருந்தாள்.

அமெரிக்காவின் டெக்சாஸில், ரவுண்ட் ராக் நகரத்திலிருந்து ஒரு மணி நேர டிரைவில், புல்வெளி நடுவே ரயிலுக்காகவே முளைத்த ஊர் அது. ரயிலைப் பார்த்தபடி எல்லா வீட்டுக்கும் கிழக்கே வாசல். 1990இல் ரயில் அங்கே நிற்பதை விட்டது. முதலில் சர்ச் மணி ஊமையானது, பிறகு நாய்கள். வெள்ளைக்காரர்கள் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கிழக்கு வாசல், அதுவும் அந்த விலைக்கு! ரவுண்ட் ராக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த நம்மவர்கள் விடுவார்களா? வாஸ்து பார்த்தவர் எலெக்ட்ரிகல் இன்ஜினியர் வெங்கடாசலம் அங்கிள். "கிழக்கு வாசலுக்கு கிரீன் கார்டு தானா நடந்து வரும்" என்றார்.

கார்டு வரவில்லை. குக்கர் விசில் போனது, வளையல் சத்தம் போனது. டிகிரி இருந்தும், கணவனோடு ஒட்டி வந்த விசாவில் வேலைக்குப் போக முடியாத பெண்கள்தான் பகலெல்லாம் வீட்டில் கிடந்தார்கள். ஆகவே அவர்கள் குரல்தான் போனது. கணவன்மார்கள் அதைக் கவனிக்கவே வருடக்கணக்காயிற்று. "இப்பத்தான்டா வீடு பீஸ்ஃபுல்லா இருக்கு" என்று பாட்லக் விருந்துகளில் சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் ஆன்ட்டியின் குழந்தை அம்மாவின் உதட்டைத் தொட்டுப் பார்த்தே தாலாட்டு கேட்கப் பழகியது. கண்மணி தன் வீட்டில் முதல் பட்டதாரி. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய குரல் அவளுடையது. போனில் அவளுடைய அம்மா "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவாள்.

2001இல் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. ஆண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள், ரயில் அவர்களுடைய குரலையும் எடுக்க ஆரம்பித்தது. போன் இன்டர்வியூவில் மகிழன் பேசுவது மறுமுனைக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் கண்மணி வாசலை மாற்றச் சொல்லிக் கேட்டாள்.

"லூசாடி நீ? கார்டு வர்ற நேரத்துல யாராச்சும் வாசலை மாத்துவாங்களா?"

"வேலையே போயிருச்சு. கார்டு எங்கிருந்துங்க வரும்?"

வெங்கடாசலம் அங்கிளைக் கூப்பிட்டார்கள். "மேற்கு வாசல் வெச்சா குடும்பம் கலைஞ்சிடும்மா" என்று கிசுகிசுத்தார். அவருக்கு மிஞ்சிய குரல் அவ்வளவுதான்.

"கலையட்டும்" என்றாள் கண்மணி. பாஸ்போர்ட்டும் துணியும் வைத்த பை முந்தின வாரமே தயாராக இருந்தது. மகிழன் ஓடிப்போய்க் கிழக்கு வாசலை மறித்து நின்றான். சமையலறைப் பின்கதவு மேற்கே பார்த்துத்தான் இருந்தது. அதை ஒரு வாசலென்று யாரும் எண்ணியதில்லை. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது ரயில் வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனது. பஸ் டிக்கெட் கேட்பதற்கென்று ஒரே ஒரு சொல்லை வாய்க்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவள் பின்கதவைத் திறந்து புல்லுக்குள் இறங்கி ஹைவேயைப் பார்த்து நடந்தாள்.