றம்லாவின் கம்பியில் மூன்று மூடி

யஹ்யா வகுப்புக்குள் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, தெருவோர வடிகால் கானின் விளிம்பில் நின்றுகொண்டு உள்ளே தொங்கிய கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாரத்தின் கரையில் கலேவெலச் செம்மண் அப்பியிருந்தது. விடியுமுன் லொறியேறிப் போய்க் கத்தரிக்காயும் பூசணியும் வாங்கி வந்து, பலாபத்வலச் சந்தியில் இறக்கிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கிறார். மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு கம்பி. கம்பியின் தலையில் அந்தப் பிள்ளையின் பெயர் எழுதிய மட்டைத் துண்டும், அதன் அருகில் அந்தப் பிள்ளையே வரைந்த ஒரு படமும் தொங்கும். றம்லா வரைந்தது ஒரு குடை. குடையைக் கண்டதும் யஹ்யாவின் கண் அங்கேயே நின்றுவிட்டது. பாடத்துக்கு ஒன்றாகக் கோக்கும் சோடா மூடிகளில் அந்தக் கம்பியில் மூன்றுதான் இருந்தன. பக்கத்துக் கம்பிகளெல்லாம் கழுத்துவரை நிறைந்து பளபளத்தன.

"டீச்சர், நாளையிலேந்து றம்லா வர மாட்டா."

சரோஜாதேவி சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். காலையில் மாத்தளையிலிருந்து வந்த பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கவில்லை. கால்கள் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தன. முதலில் அவளுக்கு வந்தது கோபமுமில்லை, கவலையுமில்லை. இதையும் பேசித் தீர்க்க வேண்டுமே என்ற அலுப்புத்தான்.

"ஏன் நானா? புள்ளைக்குச் சொகமில்லையா?"

"அவ சொகம்தான். உம்மாவுக்குத்தான் ஏலாம ஈக்கிது. சின்னவனப் பாக்கணும், பாண் லைன்ல நிக்கணும், எல்லாத்துக்கும் இவதான். சரி, படிக்கிற புள்ளயாச்சேண்டு வுட்டு வச்சிருந்தேன். இப்ப பாத்தா மூணு மூடி."

"மூடிய மட்டும் பாத்து முடிவெடுக்காதீங்க நானா. அதுவும்..."

"நீங்கதானே டீச்சர் செல்லி வுட்டீங்க, வந்து பாருங்க, ஒங்கட கண்ணால பாருங்கண்டு. பாத்துட்டேன்."

அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை. அதுதான் சரோஜாதேவிக்குச் சுட்டது. சண்டை பிடித்திருந்தால் அவளும் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லியிருப்பாள். சொன்ன சொல்லைக் கேட்டு வந்து நிற்கும் மனிதனிடம் என்னத்தைச் சொல்வது?

"நாளைக்குப் பெத்தவங்க வர்ற நாள். நாளைக்கு மட்டும் அவளக் கூட்டிக்கிட்டு வாங்க நானா. அப்புறம் உங்க இஷ்டம்."

"இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு அவர் கானைத் தாண்டிப் போனார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்தக் கம்பியும் மூடியும் யாரும் கேட்டு வந்தவையல்ல, அவளே வலிந்து இழுத்துப் போட்டுக்கொண்டவை. அந்த வருஷம் பாடசாலைகளுக்குத் தேர்ச்சி அட்டை அச்சடிக்கக் கடதாசி இல்லை. கடதாசியும் இல்லை, மாவும் இல்லை, சீனியும் இல்லை. அட்டை வந்த வருஷங்களில் மட்டும் என்ன நடந்தது? தாய்மார் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துப் பெருவிரலைப் பதித்துத் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளை பாஸா, பெயிலா என்பது அவர்களுக்கு ஆண்டு முடிவில் வரும் ஒரு மழைச் செய்தி போலத்தான். ஆனால் அதே தாய்மாரிடம் குர்ஆன் கற்கும் ஓதப்பள்ளியைப் பற்றிக் கேட்டால் பதில் நுனிநாக்கில் நிற்கும். "என்ட மகன் அம்ம ஜுஸ்உ முடிக்கப் போறான், எதிர்வூட்டுப் புள்ள இன்னும் அலிஃப் பே எழுத்துல நிக்குது" என்பார்கள். பிள்ளை ஒரு கட்டத்தைத் தாண்டினால் வீட்டில் தேங்காயும் சக்கரையும் பிசைந்து அயல்வீடுகளுக்குக் கொடுப்பார்கள். ஊர் முழுக்க அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியும். சரோஜாதேவிக்கு அதைப் பார்த்துத்தான் ஆசை வந்தது.

அப்படித்தான் சோடா மூடி வந்தது. தேநீர்க் கடைகளின் வாசலில் பொறுக்கி, உள்ளே ஒட்டியிருந்த தக்கையைச் சுரண்டி, ஆணியால் துளை போட்டு, உட்புறத்தில் பாடத்தின் எண்ணை வெள்ளைப் பெயின்டால் எழுதினாள். ஒரு பாடம் தெரியும் என்று பிள்ளையே எழுந்து சொல்ல வேண்டும், பக்கத்துப் பிள்ளை கேள்வி கேட்க வேண்டும், சரியாகச் சொன்னால் பிள்ளையே தன் கையால் தன் கம்பியில் மூடியைக் கோத்துக்கொள்ளலாம். மாதத்தின் கடைசி வியாழன் பெற்றார் வந்து பார்ப்பார்கள். பெரிய மாஸ்டர் இத்ரூஸ் மட்டும் தலையைச் சொறிந்தார். "பெத்தவங்கள அவங்கட பாட்டுல வுட்டா, புள்ள அதுட பாட்டுல படிக்கும், டீச்சர். ஒங்கட விருப்பம்" என்றார்.

ஜன்னல் தெருவைப் பார்த்திருந்ததால் வியாழன் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. தொழுகைக்குப் போகிறவர்களும் சங்கக் கடைக்குப் போகிறவர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது; சோடா மூடி எந்த மூலைக்கு? யார் பிள்ளைக்கு எத்தனை என்பது சந்தைவரை போயிற்று. கடைக்கார ஜமால்தீன் ஒருநாள் சாக்கு நிறைய மூடிகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்.

"என்ட மகனுட கம்பி கொறவா ஈக்கிதே டீச்சர். மூடிக்குப் பஞ்சம்தானே? இதுல அவனுக்குத் தேவயானத எடுத்துப் போட்டுட்டு, மிச்சத்த மத்தப் புள்ளயளுக்குக் குடுங்க."

அன்று சரோஜாதேவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தரம்தான். பிறகு சிரிப்பு வரவில்லை. மூடி குறைந்த பிள்ளைகளுக்கு வீட்டில் அடி விழுந்தது. அடிக்குப் பயந்த பிள்ளைகள் பாதி தெரிந்ததும் துள்ளி எழுந்து "எனக்குத் தெரியும்" என்றார்கள். கேள்வி கேட்ட பிள்ளையும் நாளைக்குத் தன் முறை வருமே என்று சுலபமாகவே கேட்டது. நாற்பது நிமிஷப் பாடமும், தொண்டை வறட்சியும், கால் வலியுமாக நின்ற சரோஜாதேவியும் சரி சரி என்று தலையாட்டிவிட்டாள். கம்பிகள் நிறைந்தன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. கழற்றி வீசவும் தெம்பில்லை.

றம்லா மட்டும் எழும்பவில்லை. விடியற்காலையில் ரொட்டிக் கடைப் பாண் வரிசையில் நின்றுவிட்டு, வாரத்தில் பாதி நாள் மணியடித்த பிறகுதான் வருவாள். மீதி நாள் வரவே மாட்டாள். வந்த நாளில் கடைசி வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு உதடு அசையப் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பாள். "றம்லா, மூடி போடுறியா?" என்று கேட்டால், "இன்னங் கொஞ்சம் பிழைக்கிது டீச்சர்" என்பாள். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில். ஓதப்பள்ளியில் லெப்பை ஓர் எழுத்துப் பிழைத்தாலும் முதலிலிருந்து ஓத வைப்பாராம். அந்தச் சட்டத்தை இந்தப் பிள்ளை இங்கேயும் கொண்டுவந்துவிட்டாள். ஓதப்பள்ளியிலிருந்து ஒரு வழக்கத்தை எடுத்த டீச்சர் அதன் மற்றப் பாதியை மறந்துபோனாள், பிள்ளை மறக்கவில்லை. இதை யஹ்யாவுக்கு எப்படிச் சொல்வது? மூடி குறைந்த உங்கள் பிள்ளைதான் கெட்டிக்காரி, மூடி நிறைந்ததெல்லாம் பாதிப் பொய் என்றா? அப்படிச் சொன்னால் மற்றப் பெற்றார் முகத்தில் எப்படி விழிப்பது?

அன்று பாடசாலை விட்ட பிறகு அவள் தனியே இருந்தாள். யட்டவத்தப் பக்கமிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸின் ஹோர்ன் தூரத்தில் கேட்டது. எழும்பிப் போனால் இருக்கக் கிடைக்கும். போகவில்லை. தகர டின்னைக் கவிழ்த்து மூடிகளைக் கிளறி, எண்ணைப் பார்த்துப் பார்த்து ஐந்தை எடுத்தாள். றம்லாவின் கம்பியைக் கழற்றி அவற்றைக் கோத்தாள். பிள்ளைக்கு இது தெரியுமா, இது தெரியுமா என்று ஒவ்வொன்றுக்கும் தன்னையே கேட்டுக்கொண்டாள். நிச்சயமாகத் தெரியும் என்று ஒன்றுக்கும் சொல்ல முடியவில்லை. கூடப் படிக்கும் பிள்ளைகளெல்லாம் கோத்த பொய்யைவிட இது ஒன்றும் பெரிய பொய்யல்ல என்று மனதைத் தேற்றினாள். மனம் தேறவில்லை. இருந்தாலும் கம்பியைத் திரும்ப மாட்டினாள். பஸ் நிற்காமல் போய்விட்டது.

வியாழக்கிழமை பின்னேரம் பெற்றார் வந்தார்கள். ஜமால்தீன் மகனின் கம்பியைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்டார். நூருன்னிஸா என்ற தாய், மகளின் கம்பியில் பதினொரு மூடி இருப்பதைக் கண்டு ஒரு துண்டு கற்கண்டைச் சேலைத் தலைப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். எல்லோரும் பார்த்து முடித்துக் கலையும் நேரத்தில்தான் யஹ்யா வந்தார். பின்னால் றம்லா. இடுப்பில் தம்பி. வெள்ளைச் சட்டை போடவில்லை, வீட்டில் போடும் பூப்போட்ட கவுன். பாடசாலைக்கு வரவில்லை, பாடசாலையைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று அந்தக் கவுனே சொல்லிற்று.

யஹ்யா குடைப் படத்தின் கீழே வந்து நின்றார். உதட்டுக்குள் எண்ணினார்.

"நேத்து மூணுதானே இருந்திச்சு, டீச்சர்?"

சரோஜாதேவி வாயைத் திறந்தாள். முதல் நாள் இரவு படுக்கையில் கிடந்தபோது ஒரு பதிலைத் தயாரித்து வைத்திருந்தாள். அதைச் சொல்லத் தொடங்குமுன் றம்லாவைப் பார்த்தாள். றம்லாவும் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. வேறு யாருடைய செருப்போ தன் வாசலில் கிடந்தால் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வாப்பா, இவனக் கொஞ்சம் புடிங்களே."

யஹ்யா பிள்ளையை வாங்கினார். வாங்கிப் பழக்கமில்லாத கை. பிள்ளையை எந்தப் பக்கம் சாய்ப்பதென்று தெரியாமல் மூட்டையைப் பிடிப்பதுபோல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். றம்லா வாங்கில் ஏறிக் கம்பியைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து, எட்டு மூடிகளையும் மடியில் உதிர்த்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சற்று நேரம் உதட்டை அசைத்தாள். பிறகு கம்பியில் கோத்தாள். அடுத்ததை எடுத்தாள். எழும்பிப் போக இருந்த நூருன்னிஸாவும் ஜமால்தீனும் அப்படியே நின்றுவிட்டார்கள். சரோஜாதேவிக்கு எழுந்து போய் அந்தக் கம்பியைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. தன் வேலையைத் தன் முன்னாலேயே ஒரு பிள்ளை திருத்துகிறது. திருத்துகிறோம் என்று அதற்குத் தெரியவுமில்லை.

ஆறு மூடிகள் கம்பிக்குப் போயின. இரண்டு மடியில் மிஞ்சின. றம்லா அவற்றைக் கொண்டுவந்து டீச்சரின் கையில் வைத்தாள்.

"இது ரெண்டும் எனக்கு வராது டீச்சர். ஏழாம் வாய்ப்பாடு நடுவுல மறக்குது. மத்தது மணி பாக்குறது. எங்கட ஊட்டுல மணிக்கூடு இல்ல."

"அப்ப மிச்சம்?" என்றார் யஹ்யா.

"மிச்சம் தெரியும் வாப்பா."

"எல்லாம் தெரியுமா?"

"இப்ப பிழைக்காது."

யஹ்யா மகளைப் பார்த்தார். பிறகு சரோஜாதேவியைப் பார்த்தார். அந்த ஐந்து மூடியைக் கோத்தது யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது. வெட்கத்தில் அவள் காது சுட்டது. ஏதாவது கேட்டுவிட்டால் நல்லது என்றிருந்தது. சின்னவன் அவர் தாடியைப் பிடித்து இழுத்தான். அவர் முகத்தைத் திருப்பாமல் இழுக்கவிட்டார்.

"உம்மா தனிய ஈக்கிறா" என்றார் கடைசியில். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. மகளைக் கூப்பிடவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

றம்லா கம்பியைத் திரும்ப மாட்டினாள். வாசலைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு கடைசி வாங்கில் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, நூருன்னிஸாவின் மகளைக் கையால் அழைத்தாள்.

"ஏழாம் வாய்ப்பாடு கேளேன்."

தெருவுக்கு அப்பால் பலா மரத்தடியில் யஹ்யா நின்றுகொண்டிருந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பாடசாலைப் பக்கமும் வரவில்லை. பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். மாத்தளை பஸ் வந்து அவரை மறைத்து நின்றது. கொண்டக்டர் சரோஜாதேவியைக் கண்டு மணியை இரண்டு தரம் அடித்தான். அவள் எழும்பவில்லை. உள்ளங்கையில் இரண்டு மூடிகளும் வியர்வையில் ஒட்டிக்கிடந்தன.

"ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தொண்டு. நாலேழு இருபத்தெட்டு. ஐயேழு முப்பத்தஞ்சு. ஆறேழு..."

றம்லா நிறுத்தினாள். எதிரே இருந்த பிள்ளை எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தது. வெளியே பஸ் இன்னும் போகவில்லை.

"ஆறேழு..."