மடிக்கு வாடகை

"அப்பா, நீ ஒருத்தன்தானே ஆபீஸ் போறே? மிச்ச நாலு சீட்டுக்கும் அங்க என்ன வேலை?" என்று கேட்டபோது மஹதிக்கு ஆறு வயது. ஸ்ரீரங்கன் சிரித்துக்கொண்டே மகளுக்குக் கையசைத்துவிட்டு காரைக் கிளப்பினார். அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் மந்தைவெளியிலிருந்து அடையாறுக்குத் தனியாகத்தான் ஓட்டிப் போனார். பழக்கத்துக்கு முன்னால் குழந்தையின் கேள்வி எம்மாத்திரம்?

கார் மெக்கானிக்கிடம் போய்ப் படுத்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை, கூப்பிட்ட ஆட்டோக்காரர்கள் மூன்று பேரும் வராமல் போகவே, வேறு வழியில்லாமல் 29சி பஸ்ஸில் ஏறினார். ஏறி இருபது வருஷமாவது இருக்கும். தோளில் ஒரு பை. அதற்குள் அனுப்ரியா என்ற பெண்ணின் காது மெஷின் இருந்தது. அடையாற்றில் அந்த மாதிரிக் கருவிகளைப் பொருத்தித் தரும் சின்ன கிளினிக்கில்தான் அவருக்கு வேலை. அனுப்ரியாவுக்கு அன்று பதினொரு மணிக்கு இன்டர்வியூ. எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு. பழுதான கருவியை வீட்டுக்கு எடுத்துவந்து சரிசெய்திருந்தார். பத்து மணிக்குள் அவள் காதில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

பஸ்ஸில் ஒரு கை கம்பிக்கு, ஒரு கை பைக்கு என்று தள்ளாடிக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கையை நீட்டினாள்.

"இப்டி குடு நைனா. மடி சும்மாதான கீது."

"பரவாயில்லம்மா."

"உனக்குப் பரவால்ல. பேக்கு என் மூஞ்சிலல்ல இடிச்சிக்கினு வருது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் பார்த்தார், அந்த மடியில் ஏற்கெனவே இரண்டு பைகள் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் யார் என்றே தெரியவில்லை. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரைப் பூட்டிவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். இது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை.

சத்யா ஸ்டுடியோ நிறுத்தத்தில் கூட்டம் அவரைப் படிக்குத் தள்ளியது. இறங்குகிறவர்களுக்கு வழிவிட அவரும் கீழே இறங்கினார். பழகியவர்கள் கம்பியை விடாமல் இறங்கி, அப்படியே தொற்றிக்கொண்டார்கள். ஸ்ரீரங்கன் தள்ளி நின்று, "நீங்க ஏறுங்கோ, நீங்க ஏறுங்கோ" என்று ஒவ்வொருவருக்கும் மரியாதை செய்தார். எல்லோரும் ஏறினார்கள். பஸ் போய்விட்டது.

நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாற்றுவதாக வேண்டிக்கொண்டே ஓடினார். பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

"ஏறு சார். கார்ல போற ஆளா நீ?" என்றார் டிரைவர்.

"எப்படித் தெரிஞ்சது?"

"பஸ்ஸுக்கே வழி வுட்டுக்கினு நின்னியே!"

உள்ளே இருந்த நாலு பேரும் விஷயத்தைக் கேட்டார்கள். அடையாற்றுப் பாலத்துக்கு முன்னால் இறங்கவேண்டிய ஒருவர், "எனக்காக நிறுத்தாதீங்கண்ணே, போங்க. நான் நடந்து வந்துக்கறேன்" என்றார்.

பாலத்தைத் தாண்டியதும் முதல் நிறுத்தத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரே ஒரு பை. அவருடையது.

"வந்துட்டியா? கத்துனேன், கண்டக்டர் காதுல வுழல. மத்த ரெண்டையும் பக்கத்து சீட்டுல குடுத்துட்டு எறங்கிட்டேன். நீ பின்னாடியே ஓடியாருவேன்னு தெரியும்."

"உங்களுக்கு வேலைக்கு நேரமாயிருக்குமே?"

"பெசன்ட் நகர்ல வூட்டு வேல. அந்தம்மா கத்தும். கத்தட்டும், தெனம் கத்துறதுதான."

ஸ்ரீரங்கன் அவசரமாக ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். அவள் அதை ஒரு வேடிக்கைப் பொருளைப் போலப் பார்த்தாள்.

"இன்னாது, மடிக்கு வாடகையா?"

சிரித்துக்கொண்டே அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பேர்கூடக் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. ஸ்ரீரங்கன் அங்கேயே நின்றார். நங்கநல்லூரில் முப்பத்திரண்டு அடி உயரத்தில் நிற்கிறவர், இத்தனை நேரம் இங்கே ரப்பர் செருப்போடு, ஐந்தடிக்கும் குறைவாக, தமக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றே அவருக்குத் தோன்றியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் அனுப்ரியாவின் காதில் கருவி ஏறியது. ஜன்னலுக்கு வெளியே அலறிய ஹாரன்களுக்கு அவள் முகம் மலர்ந்தது.

கார் பழுது நீங்கி வந்தது. வாசலிலேயே நின்றது. ஸ்ரீரங்கன் 29சியில் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் பெண்கள் பக்கம் கண்ணை ஓட்டுவார். அந்த அம்மாளை அப்புறம் பார்க்கவே முடியவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், அடையாற்றிலிருந்து திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. வாட்ச்மேன் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் நின்றார். அவர் கேட்பதற்கு முன்பே ஸ்ரீரங்கன் கை நீட்டி ஒயர்கூடையை வாங்கிக்கொண்டார். "ஜெமினில எறங்கணும் சார்" என்றார் அவர். மந்தைவெளியைத் தாண்டிப் பல நிறுத்தங்கள் போகவேண்டும். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு இடம் காலியாக, போய் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

மந்தைவெளி வந்தது. ஸ்ரீரங்கன் பாதி எழுந்தார். திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். விடிய விடிய விழித்திருக்க வேண்டிய உடம்பு.

ஸ்ரீரங்கன் மறுபடி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைக்காரர் போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை. கண்டக்டர் விசிலடித்தார். கூடைக்குள் இருந்த டிபன் கேரியரின் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் இதமாக இறங்கியது. விளக்குப் போட்ட அவருடைய தெரு, ஜன்னலில் வந்து, மெல்லப் பின்னால் போயிற்று.